பொல்பிட்டியவில் விழும் நீரும் வானில் விழும் சந்திரனும்

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றிணைந்து களனி கங்கையாகும் மலைச்சாரலில் பொல்பிட்டிய அமைந்துள்ளது. மேலே லக்ஷபான நீர்த்தேக்கத்திலிருந்து சுரங்கவழியாகவும் குழாய்களினூடாகவும் இறங்கிவரும் நீர், இங்குள்ள சமனல மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றி 1969 ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தந்துகொண்டிருக்கின்றது. உயரத்திலுள்ள நீர் கீழே விழுகின்றது. விழும் நீரின் சக்தி மின்சாரமாகின்றது. இதனை இப்பிரதேச மாணவர் எவரும் அறிவர். ஆனால் இந்த நீரை விழச்செய்யும் அதே விதியே சந்திரனையும் பூமியை நோக்கி ஒவ்வொரு விநாடியும் விழச்செய்துகொண்டிருக்கின்றது என்பதையும், அந்த வீழ்ச்சியின் அளவைப் பத்தாம் தரக் கணிதத்தைக் கொண்டே கண்டறிய முடியும் என்பதையும் எத்தனை மாணவர்கள் அறிவார்கள்?

வானியல் என்றவுடன் பெரிய தொலைநோக்கிகளும் கோடிக்கணக்கில் பணம் விழுங்கும் விண்கலங்களுமே நம்மில் பலரது நினைவுக்கு வருகின்றன. அது வசதி படைத்த நாடுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய துறை, தோட்டத்து லயன்களில் வாழும் பிள்ளைகளுக்கு எட்டாதது என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. உண்மை வேறு. பூமியின் பருமன், சந்திரனின் இயக்கம், நட்சத்திரங்களின் தூரம் ஆகிய மூன்றையும் மனிதன் அளந்தறிந்தமைக்கு அடிப்படையாக நின்றவை ஒரு செங்கோண முக்கோணியும் ஒரு விகிதசமன் விதியுமே ஆகும். அவை இரண்டும் நமது பாடசாலைப் புத்தகங்களிலேயே உள்ளன. அவற்றை இக்கட்டுரையில் படிப்படியாக நோக்குவோம்.

நிழல் கூறும் கணக்கு

முதலில் கோணம். வானத்தில் உள்ள எந்தப் பொருளையும் நாம் கையால் தொட்டோ முழக்கோலால் அளந்தோ பார்க்க முடியாது. நம்மால் அளக்கக்கூடியது அது எந்தத் திசையில், எத்தனை பாகை உயரத்தில் தோன்றுகின்றது என்பதை மட்டுமே. ஆகவே வானியல் கோணத்தை அளப்பதிலிருந்தே தொடங்குகின்றது.

பொல்பிட்டிய, பூமத்திய கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் உள்ளது. இதனால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மாதம் 7, 8 ஆம் திகதிகளிலும் செப்டெம்பர் மாதம் 4, 5 ஆம் திகதிகளிலும், நண்பகல் 12 மணி கடந்து சுமார் பத்து நிமிடமளவில் சூரியன் இங்கு நேர் உச்சியில் நிற்கின்றது. அவ்வேளையில் செங்குத்தாக நடப்பட்ட கோலுக்கு நிழல் இராது. அதே நாளின் நண்பகலில் யாழ்ப்பாணத்தில் 1 மீற்றர் உயரமான கோலை நட்டால், நாலரை சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமான நிழல் வடக்கு நோக்கி விழும். கோலின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் கொண்டு கோணத்தைக் கணித்தால் அது 2 பாகையும் 40 கலையும், அதாவது இரண்டே மூன்றில் இரண்டு பாகை ஆகும்.

இதன் பொருள் என்ன? சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இரு இடங்களையும் சமாந்தரமாகவே வந்தடைகின்றன. எனவே நிழல் காட்டும் வேறுபாடு பூமியின் வளைவினால் உண்டானதாகும். முழு வட்டமான 360 பாகையில் இரண்டே மூன்றில் இரண்டு பாகை என்பது 135 இல் ஒரு பங்கு. பொல்பிட்டியவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தென்வடல் தூரம் சுமார் 295 கிலோமீற்றர். இதனை 135 ஆல் பெருக்கினால் 39,825 கிலோமீற்றர் வருகின்றது. பூமியின் துருவங்களைச் சுற்றிய உண்மையான பரிதி சுமார் 40,000 கிலோமீற்றர் ஆகும். ஒரு கோலும் ஓர் அடிமட்டமும் ஒரு தேசப்படமும் தரும் விடை இது.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரதோஸ்தனிஸ் கையாண்ட முறையும் இதுவே. தெற்கே சைன் நகரில் சூரியன் உச்சியில் நிற்கும் நாளில் அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் வட்டத்தின் 50 இல் ஒரு பங்காக இருப்பதை அவர் கண்டார். இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை 50 ஆல் பெருக்கிப் பூமியின் பரிதியைக் கூறினார்.

மலையுச்சியிலிருந்து ஒரு முக்கோணி

எரதோஸ்தனிஸின் முறைக்கு இரண்டு ஊர்கள் வேண்டும்; இரண்டுக்கும் இடையிலான தூரமும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றவாறே பூமியை அளக்க முடியுமா என்ற வினாவுக்கு விடை கண்டவர் அல்பிரூனி ஆவார். 973 ஆம் ஆண்டில் மத்திய ஆசியாவில் பிறந்த இம்முஸ்லிம் அறிஞர், தாம் வாழ்ந்த கஸ்னா நகரிலிருந்து கிப்லாவின் திசையைச் சரியாக நிர்ணயிக்கும் நோக்குடன் எழுதிய நூலில் இம்முறையை விளக்கியுள்ளார். கிப்லாவைக் கணிக்க ஊர்களின் இருப்பிடங்கள் பூமிக்கோளத்தில் சரியாகத் தெரிய வேண்டும். அதற்குப் பூமியின் பருமன் தெரிந்திருத்தல் அவசியம். வணக்கத்தின் தேவை ஒன்று அறிவியலின் பெரும் அளவீடு ஒன்றுக்கு வழிகோலியது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அவர் முதலில் அளந்தார். அது ஏறக்குறைய 652 முழம். பின்னர் உச்சியில் ஏறி நின்று, சமவெளியின் அடிவானம் தமது கண்மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தோன்றுகின்றது என்பதை அளந்தார். அத்தாழ்வு 34 கலை. ஒரு பாகையில் 60 கலைகள் உண்டு என்பதால் இது அரைப் பாகையை விடச் சற்றே அதிகம். இவ்விரண்டு அளவுகளிலிருந்தே பூமியின் ஆரையை அவர் கணித்தார்.

இதனை நமக்குப் பழக்கமான ஒரு மலையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவாத மலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும் போற்றும் மலை பொல்பிட்டியவுக்குத் தெற்கே நிற்கின்றது. அதன் உயரம் 2,243 மீற்றர். உச்சியில் நிற்பவரின் பார்வைக்கோடு தொலைவில் கடல்மட்டத்தைத் தொட்டுச்செல்லும் புள்ளியே அடிவானம். அந்தக் கோடு பூமி வட்டத்துக்கு ஒரு தொடலி. தொடும் புள்ளியில் பூமியின் ஆரையும் தொடலியும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. பூமியின் மையம், தொடுபுள்ளி, மலையுச்சி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணியாகின்றன. அதன் ஒரு பக்கம் பூமியின் ஆரை. மற்றையது அடிவானத்தின் தூரம். செம்பக்கம் ஆரையும் மலையின் உயரமும் சேர்ந்தது.

பைதகரசின் தேற்றத்தை இங்கு பிரயோகித்துச் சுருக்கினால் எளிய விடையொன்று கிடைக்கின்றது. அடிவானத் தூரத்தின் வர்க்கம், ஆரையையும் உயரத்தையும் பெருக்கிவரும் தொகையின் இரு மடங்குக்கு ஏறக்குறையச் சமன். ஆரை 6,371 கிலோமீற்றர், உயரம் 2.243 கிலோமீற்றர் எனக் கொண்டால் அடிவானம் சுமார் 169 கிலோமீற்றர் தொலைவில் அமையும். மலையுச்சியிலிருந்து மேற்குக் கடற்கரை சுமார் 70 கிலோமீற்றரே. ஆகவே தெளிந்த நாளில் மலையேறும் யாத்திரிகர் காணும் அடிவானம் கரையையும் கடந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் கடலுக்குள் உள்ளது. அவ்வடிவானம் கண்மட்டத்திலிருந்து சுமார் ஒன்றரைப் பாகை தாழ்ந்திருக்கும். முன்னே நீட்டிய கையின் சுண்டுவிரல் ஏறக்குறைய 1 பாகையை மறைக்கும் என்பதை எண்ணினால், அந்தத் தாழ்வு ஒன்றரைச் சுண்டுவிரல் அகலமே.

கணக்கை மறுபக்கமாகச் செய்தால், அதாவது தாழ்வையும் உயரத்தையும் அளந்தால், ஆரை கிடைத்துவிடும். ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. தாழ்வை அளப்பதில் பாகையின் பத்திலொரு பங்கு பிழை ஏற்பட்டாலும் ஆரையில் பல நூறு கிலோமீற்றர் பிழை நேரும். வளிமண்டலம் ஒளியைச் சற்று வளைப்பதனாலும் அடிவானம் உண்மையில் இருப்பதை விடச் சிறிது உயர்ந்து தோன்றும். அளவீடு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைக் கூறாத விடை அரைகுறை விடையே என்பதை மாணவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

விழுந்துகொண்டேயிருக்கும் சந்திரன்

இனி பொல்பிட்டியவின் நீருக்குத் திரும்புவோம். தடையின்றி விழும் எந்தப் பொருளும், அது நீராயினும் கல்லாயினும், முதல் விநாடியில் சுமார் 4.9 மீற்றர் கீழிறங்கும். இது பூமியின் மேற்பரப்பில், அதாவது பூமியின் மையத்திலிருந்து ஓர் ஆரைத் தூரத்தில் நிகழ்வது. சந்திரனோ மையத்திலிருந்து சராசரியாக 384,400 கிலோமீற்றர் தொலைவில், ஏறக்குறைய 60 ஆரைத் தூரத்தில் உள்ளது.

ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமனானது என்பது ஐசக் நியூற்றன் 1687 ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலின் அடிப்படைக் கருத்து. தூரம் இரு மடங்கானால் ஈர்ப்பு நாலில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். அவ்வாறாயின் 60 மடங்கு தூரத்தில் அது 3,600 இல் ஒரு பங்காக வேண்டும். 4.9 மீற்றரை 3,600 ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீற்றர் வருகின்றது. விதி உண்மையாயின் சந்திரன் ஒவ்வொரு விநாடியும் பூமியை நோக்கி 1.36 மில்லிமீற்றர் விழ வேண்டும்.

உண்மையில் அவ்வாறு விழுகின்றதா? இங்குதான் மலையுச்சியில் கண்ட அதே முக்கோணி மீண்டும் உதவிக்கு வருகின்றது. சந்திரன் 27.3 நாட்களில் பூமியை ஒருமுறை சுற்றுகின்றது. பாதையின் நீளத்தைக் காலத்தால் வகுத்தால் அதன் வேகம் விநாடிக்கு 1.02 கிலோமீற்றர். பூமி இழுக்காதிருந்தால் சந்திரன் நேர்கோட்டில், தொடலி வழியே, அகன்று சென்றுவிடும். அது வட்டப்பாதையில் நிற்க வேண்டுமாயின் ஒவ்வொரு விநாடியும் தொடலியிலிருந்து சிறிது உள்நோக்கி விழுந்தாக வேண்டும். அந்த வீழ்ச்சி, மலையின் உயரத்துக்கும் அடிவானத் தூரத்துக்கும் இடையில் நாம் கண்ட அதே தொடர்பினால் கிடைக்கின்றது. 1.02 இன் வர்க்கத்தைச் சந்திரப் பாதையின் ஆரையின் இரு மடங்கால் வகுத்தால் வரும் விடை ஏறக்குறைய 1.36 மில்லிமீற்றர்.

இரண்டு விடைகளும் ஒன்றே. ஒன்று பூமியில் விழும் பொருளை அளந்து பெறப்பட்டது. மற்றையது வானில் சந்திரனின் காலத்தையும் தூரத்தையும் அளந்து பெறப்பட்டது. மண்ணுக்கு ஒரு விதி, விண்ணுக்கு வேறொரு விதி என்று நெடுங்காலம் நிலவிய நம்பிக்கையை இந்தச் சிறு எண் தகர்த்தது. சந்திரன் விழாமல் நிற்கவில்லை. விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுகின்றது. இக்கணக்குக்குப் பூமியின் ஆரை சரியாகத் தெரிய வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது. எரதோஸ்தனிஸும் அல்பிரூனியும் நிழலிலும் மலையிலும் தேடிய அளவு, சந்திரனைப் புரிந்துகொள்வதற்குப் படிக்கல்லாயிற்று.

திதியும் பிறையும்

சந்திரனின் இவ்வியக்கம் நமது அன்றாட வாழ்வோடும் வழிபாட்டோடும் பின்னிப்பிணைந்தது. நட்சத்திரப் பின்னணியில் சந்திரன் நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை கிழக்கு நோக்கி நகர்கின்றது. சூரியன் சுமார் 1 பாகை நகர்வதாகத் தோன்றுகின்றது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான கோணம் நாளொன்றுக்குச் சராசரியாக 12 பாகை வளர்கின்றது. பஞ்சாங்கத்தில் திதி எனப்படுவது இந்த 12 பாகைக் கூறே. 30 திதிகள் சேர்ந்தால் 360 பாகை, அது 29.53 நாட்கள் கொண்ட ஒரு சந்திர மாதம்.

முஸ்லிம்கள் புதிய மாதத்தை வரவேற்கத் தேடும் தலைப்பிறையும் இதே கோணத்தின் கதையே. சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேர்ந்த கணத்தின் பின் கோணம் மணிக்குச் சுமார் அரைப் பாகை வீதம் வளர்கின்றது. அது ஏறக்குறைய 7 பாகையை அடையும் வரை வெறுங்கண்ணுக்குப் பிறை புலப்படாது என்பது பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் 1930களில் எடுத்துக்காட்டிய எல்லை. அதனைக் கடந்த பின்னரும் அடிவான மேகமும், நமது பிரதேசத்தில் மேற்கே உயர்ந்து நிற்கும் மலைகளும் பிறையை மறைத்துவிடக்கூடும். சந்திரன் எங்கே நிற்கின்றது என்பதைக் கணிதம் கூறும். மாதத்தைத் தீர்மானிப்பது மார்க்க அறிஞர்களுக்குரிய பணி. ஆயினும் பிறை ஏன் ஓரூரில் தென்பட்டு இன்னோரூரில் தென்படவில்லை என்பதற்கான காரணத்தை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருப்பது வீண் ஐயங்களை அகற்றும். 12 சந்திர மாதங்கள் சேர்ந்து 354 நாட்களே ஆவதால் ரமழான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முந்தி வந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவதும் இதே கணக்கினாலேயே.

நட்சத்திரங்கள் வரை

நட்சத்திரங்களின் தூரத்துக்கும் முக்கோணியே வழிகாட்டியது. கண்ணுக்கு முன்னே விரலை நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி மூடினால் விரல் இடம்மாறுவது போலத் தோன்றும். அவ்வாறே பூமி தன் பாதையின் ஒரு கரையிலிருந்து ஆறு மாதங்களின் பின் மறுகரையை அடையும்போது அண்மை நட்சத்திரங்கள் சற்றே இடம்மாறித் தோன்ற வேண்டும். 1838 ஆம் ஆண்டு ஜெர்மனிய வானியலாளர் பெசல், அன்ன மண்டலத்திலுள்ள ஒரு மங்கலான நட்சத்திரத்தில் இம்மாற்றத்தை அளந்து கண்டார். முக்கோணியில் அவர் கண்ட கோணம், ஒரு பாகையை 3,600 கூறிட்டு அதில் ஒரு கூற்றின் மூன்றிலொரு பங்கைவிடச் சற்றுக் குறைவானது. அந்த நட்சத்திரத்தின் தூரம் சுமார் 11 ஒளியாண்டுகள் என்பதை இன்று நாம் அறிவோம். தூரம் தெரிந்ததும் விகிதசமன் விதி மீண்டும் துணைநிற்கின்றது. ஒளியும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகவே மங்குவதால், மங்கித் தோன்றும் நட்சத்திரத்தின் உண்மையான ஒளிவலுவைக் கணித்துவிடலாம்.

மனனமும் விளக்கமும்

இக்கணக்குகளில் நம்மவர் பின்தங்கியிருந்ததில்லை. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்த அலன் ஆபிரகாம், ஹலியின் வால்வெள்ளி பற்றிய கணிப்புகளால் அறியப்பட்டு அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகவும் விளங்கினார். ஆனால் வரலாறு நமக்கு மற்றொரு பாடத்தையும் வைத்திருக்கின்றது.

1825 ஆம் ஆண்டு சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்ற நூலில் ஜோன் வொரன் என்பவர், புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். அம்மனிதர் ஏடும் எழுதுகோலுமின்றி, நிலத்தில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆம் திகதிகளுக்கிடையில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் அவரது பிழை 4 நிமிடமே. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். வியக்கத்தக்க ஆற்றல்தான். எனினும் அக்கணக்கு எந்தத் தத்துவத்தின் அடிப்படையில் அமைந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனவே பிழை எங்கே புகுந்தது என்று கண்டறியவோ அதனைத் திருத்தவோ அவரால் முடிந்திராது. முறை பரம்பரையாகக் கைமாறியது. அதன் காரணம் வழியில் தொலைந்துபோனது.

இன்று நமது வகுப்பறைகளில் நிகழ்வதும் இதுவேயல்லவா? பைதகரசின் தேற்றத்தை ஒப்புவிக்கத் தெரிந்த மாணவருக்கு அது எதற்குப் பயன்படும் என்பது தெரியாது. சூத்திரம் பரீட்சைக்கு முதல்நாள் மனனமாகி, பரீட்சைக்கு மறுநாள் மறந்துபோகின்றது. இதற்கு மாணவர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நீண்டகாலமாகத் தொடர்ந்துவரும் குறை. உயர்தரத்தில் இப்பிரிவுகளைக் கற்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை, பல சந்தர்ப்பங்களில் ஊரைவிட்டு நகர்ப்புறப் பாடசாலையை நாட வேண்டியுள்ளது. அவ்வசதியற்ற பிள்ளை, திறமையிருந்தும் வேறு பாடத்தைத் தெரிவு செய்கின்றது. வானம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், அதனை வாசிக்கும் எழுத்து எல்லோருக்கும் கற்பிக்கப்படுவதில்லை.

ஆசிரியர் நியமனம் அரசாங்கத்தின் கடமை. அதனை வலியுறுத்துவது சமூகத்தின் கடமை. அதுவரை நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. எதிர்வரும் செப்டெம்பர் 4, 5 ஆம் திகதிகளில் நண்பகல் வேளையில் பொல்பிட்டியவைச் சுற்றியுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையும், மன்னாரில் ஒரு முஸ்லிம் பாடசாலையும், யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையும் ஆளுக்கொரு கோலை நட்டு நிழலை அளந்து, தொலைபேசியில் அளவுகளைப் பரிமாறிக்கொள்ளட்டும். சூரியனை நேரே பார்க்க வேண்டியதில்லை. நிலத்து நிழலைப் பார்த்தாலே போதும். மேகம் மறைத்தால் மறுநாள் அளக்கலாம். கோணம் சிறிது மாறும், ஆனால் இரு ஊர்களின் வேறுபாடு மாறாது. மூன்று ஊர்ப் பிள்ளைகள் ஒன்றுகூடித் தாம் வாழும் பூமியைத் தாமே அளந்த அந்த நாளுக்குப் பின், பைதகரசின் தேற்றத்தை அவர்களுக்கு யாரும் மனனம் செய்விக்க வேண்டிய தேவை இராது.